மூன்றாவது படம் எங்கே?

என்னைப் போல டாக்குமெண்டரி எடுப்பவரிடம் நம் ஆட்கள் தவறாமல் கேட்பது: "எப்போ சினிமா எடுக்கப்போறீங்க?" மும்பை மாட்டுங்காவில் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறார்கள், அந்தேரியில் எடிட் ஸ்டுடியோ வைத்திருப்பவரும் கேட்கிறார். 2021இல் பாயல் கபாடியா ஆவணப்படத்துக்காகக் கான் விழாவில் விருது வாங்கியபோது எனக்கு ஒருத்தரும் வாட்ஸ்அப் அனுப்பவில்லை. 2024இல் இதே மும்பையை வைத்துக் கதைப்படம் எடுத்து அதே கானில் கிராண்ட் ப்ரீ விருது வாங்கியதும், "பாரு, எவ்வளவு மேலே போயிட்டாங்க" என்று வரிசையாக வந்து விழுந்தது. மேலேயாம்!

என் கவலை வேறு. இந்த ஊரில் முதல் ஆவணப்படம் எடுத்தவர்கள் ஏராளம். மூன்றாவதை எடுத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் படத்தை நண்பனின் கேமரா, அப்பாவின் பணம், தூங்காத ராத்திரிகள் என்று எப்படியோ முடித்துவிடலாம். வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் வந்த பிறகு அது நடக்காது. கம்பெனிகளுக்கு ஏவி, அதாவது அவர்களைப் பற்றிய வீடியோ, எடுக்கிறோம், ரியாலிட்டி ஷோவுக்குக் கேமரா பிடிக்கிறோம். இரண்டாவது படத்தின் ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கிறது. இதற்குப் 'பேஷன்' (தீராத ஆர்வம்) என்று பெயர் வைத்துப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. புகழ்வதற்குக் காசு செலவில்லையே.

சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெடர் ரோட்டிலேயே சாட்சி உண்டு. அங்கே இருந்த, 1948இல் தொடங்கிய அரசாங்க ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனை நாம் கிண்டலாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். தியேட்டரில் படத்துக்கு முன்னால் கட்டாயமாகப் போட்ட நியூஸ் ரீல், அணைக்கட்டு, குடும்பக் கட்டுப்பாடு, ரிப்பன் வெட்டும் மந்திரி. அது முடியட்டும் என்று வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு நின்ற தலைமுறை நம்முடையது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதே கட்டடத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எஸ்.என்.எஸ். சாஸ்திரியும் பிரமோத் பதியும் வேலை பார்த்தார்கள். சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயசுப் பிள்ளைகளிடம் மைக்கை நீட்டி, நாட்டைப் பற்றி மனசில் பட்டதைப் பேசவிட்டு, 1967இல் சாஸ்திரி எடுத்த படத்தை இன்று பார்த்தாலும், அரசாங்கப் பணத்திலா இது என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு படம் சரியாக வராவிட்டால் அடுத்தது இருக்கிறது என்ற தைரியம் அது. அந்த ஃபிலிம்ஸ் டிவிஷனின் வேலைகளை 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இந்த ஊரில் அதற்காகப் பெரிதாக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, டிவி இருக்கிறதே என்பீர்கள். 52 நிமிஷப் படத்தைக் கொண்டுபோனேன், விளம்பரம் போக அரை மணி ஸ்லாட்டுக்கு 22 நிமிஷம்தான் என்றார்கள். வெட்டிக் கொடுத்தேன். வாய்ஸ் ஓவர் இல்லாமல் ஜனங்களுக்குப் புரியாது என்று அதையும் ஏற்றினார்கள். எந்த சேனல் என்பது வேண்டாம். தூர்தர்ஷன் கதை இன்னொரு மாதிரி. ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் 90களில் எடுத்த படத்தை ஒளிபரப்ப வைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2006இல். அவரைப் போல எத்தனை பேரால் கோர்ட்டுக்கு அலைய முடியும்?

இப்போது ஓடிடி. முதுமலை யானைக்குட்டிகளைப் பற்றி கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த படத்துக்கு 2023இல் ஆஸ்கர் கிடைத்தது. அதில் தமிழ் பேசுகிறார்கள், நமக்கெல்லாம் சந்தோஷம். அது அவருடைய முதல் படம். அதற்கப்புறம் என் பட யோசனையைச் சொல்லி பிட்ச் செய்யப் போன இடங்களில் எனக்குக் கிடைத்த பதில், "கொலை ஏதாவது இருக்கா? நடிகர் கல்யாணம்?"

சினிமா ஆபீஸ்கள் நிறைந்த ஆராம் நகரில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தாராவிப் பையன் ஒருவன், "அண்ணே, சேனல்ல படம் எடுத்துத்தரச் சொல்லி கமிஷன் கிடைச்சிருக்கு, கையெழுத்து போடலாமா?" என்று கேட்டான். போடு தம்பி, ஆனால் உரிமை பற்றிய பக்கத்தை முதலில் படி என்றேன். எல்லாம் சேனலுக்கே என்றுதான் எழுதியிருப்பார்கள், பணத்தில் பெரிதாக இறங்கி வரமாட்டார்கள். விழாக்களிலும் காலேஜிலும் திரையிடும் உரிமையையும், எடிட்டில் போகாத ஃபுட்டேஜையும் மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். உன் அடுத்த படத்தை அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.