திரையில் 78 என்று இருந்தது

போன மாதம் நானும் மனைவியும் பைக்கில் ஒரு மலைப்பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். வண்டியின் பின்னால் இரண்டு பைகள். அடிவாரத்துக்கு வந்து சில நிமிடங்களில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே, இன்னும் 78 கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது. வந்த வழியே 4 கிலோமீட்டர் திரும்பினால் ஒரு பங்க். முன்னால் போனால் அடுத்தது 55 கிலோமீட்டரில். 78 இருக்கிறதே, எதற்குத் திரும்புவது என்று நேரே விட்டேன்.

நெடுஞ்சாலையில் நல்ல எதிர்க்காற்று. நான் 90, 95 என்று போய்க்கொண்டிருந்தேன். 10 கிலோமீட்டர் ஓடியதும் பார்த்தால், 78 ஆக இருந்தது 56 ஆகியிருந்தது. "பத்துதானே ஓடினோம், இருபத்திரண்டு எப்படிக் குறைந்தது?" என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் எண்ணே மறைந்து மூன்று சிறு கோடுகள் வந்தன. 45ஆவது கிலோமீட்டரில் வண்டி இரண்டு முறை உதறிவிட்டு நின்றது.

டேங்க் மூடியைத் திறந்துவிட்டு வண்டியை இடதும் வலதுமாக ஆட்டினேன். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் பெட்ரோல் சலசலத்தது. டேங்க் சட்டகத்தின் மேல் சேணம்போல இரண்டு பக்கமும் தொங்குகிறது. இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் இருப்பது ஒரு பக்கத்தில். மறுபக்கம் தேங்கியது தானாக இந்தப் பக்கம் வராது. மூடியைப் போட்டுவிட்டு, பம்ப் இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்துப் பிடித்து நிமிர்த்தினேன். கிளம்பியது. இன்னும் 2 கிலோமீட்டர் ஓடியது. மிச்ச தூரத்துக்குத் தள்ளினோம். பாதி வழியில் ஒருவர் நிறுத்தி உதவினார்.

அன்று மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவும் படித்தேன். பதில் இதுதான்: அந்த 78 டேங்கில் இருக்கும் பெட்ரோலின் அளவு அல்ல. கொஞ்ச நேரத்துக்கு முன் எப்படி ஓட்டினோமோ அப்படியே இனியும் ஓட்டுவோம் என்று வைத்துக்கொண்டு வண்டி போடும் கணக்கு.

எப்படிப் போடுகிறது? இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். ஒவ்வொரு முறையும் அது எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். திறந்திருக்கும்போது எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சும் என்பதும் அதில் பதிந்திருக்கிறது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் செலவான பெட்ரோல். சக்கரத்தில் இருக்கும் சென்சார் தூரத்தைச் சொல்கிறது. தூரத்தைச் செலவால் வகுத்தால் மைலேஜ். டேங்கில் மிச்சம் எவ்வளவு என்பதை உள்ளே இருக்கும் மிதவை ஏறி இறங்கிக் காட்டுகிறது. மிச்சத்தை அண்மைக்கால மைலேஜால் பெருக்கினால் திரையில் வரும் அந்த எண்.

என் கதையில் அந்த 'அண்மைக்காலம்' முழுக்க மலை இறக்கம். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் உடனடி மைலேஜ் 99.9 என்று காட்டும் வண்டிகள் உண்டு. அப்படி இறங்கி வந்ததில் சராசரி லிட்டருக்கு 52 ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றரை லிட்டர். ஆக 78. கணக்கில் பிழையே இல்லை. சமதரையில் இரண்டு பேர், பைகள், எதிர்க்காற்று, 95 வேகம் என்று சேர்ந்ததும் வண்டி கொடுத்தது லிட்டருக்கு 30. ஒன்றரை லிட்டருக்கு 45 கிலோமீட்டர். சொல்லி வைத்ததுபோல அங்கேயே நின்றது.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60இல் இருக்கும் தடையைப்போல 90இல் இரண்டேகால் மடங்கு. எதிர்க்காற்று அடித்தால் அதன் வேகமும் நம் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும். இது எதுவும் திரைக்கு முன்கூட்டியே தெரியாது. நாம் ஓட்டிச் செலவழித்த பிறகுதான் அதற்குத் தெரியவரும்.

மிதவையையும் முழுக்க நம்ப முடியாது. டேங்க் மேலே அகலம், கீழே குறுகல், நடுவில் சட்டகத்துக்கான பள்ளம். ஆகவே முள் முதல் பாதியில் ஆடாமல் நின்று, பிற்பாதியில் கடகடவென்று இறங்கினால் மைலேஜ் போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்க்கும் அளவும் நிமிர்த்தியபின் பார்க்கும் அளவும் வேறாக இருக்கலாம். கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டால் உடனே காட்டாத வண்டிகளும் உண்டு.

சராசரி மைலேஜ் விஷயத்தில் நம்மில் பலர் செய்யும் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது 30 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 60 கொடுத்தது, வரும்போது அதே 30 கிலோமீட்டருக்கு 30 கொடுத்தது என்று வையுங்கள். சராசரி 45 என்போம். ஆனால் போகும்போது செலவு அரை லிட்டர், வரும்போது ஒரு லிட்டர். 60 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் என்றால் சராசரி 40தான். திரை சரியாக 40 என்று காட்டும், நாம் அதைத் தப்பு என்போம். அந்த இடத்தில் திரை பக்கம்தான் நியாயம்.

அதற்காகத் திரை காட்டும் மைலேஜை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. இன்ஜெக்டரிலிருந்து வந்த பெட்ரோலை யாரும் அளந்து பார்ப்பதில்லை, வண்டி கணக்குப் போட்டுச் சொல்கிறது. நான் சரிபார்த்தது பழைய முறையில். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கினேன். அடுத்த முறை அதே பங்கில், வண்டியை நேராக நிறுத்தி, அதே மட்டத்துக்கு நிரப்பினேன். 412 கிலோமீட்டர் ஓடியிருந்தது, 10.6 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 38.9. திரை சொன்னது 41.3. ஒரு முறை பார்த்து முடிவுகட்ட வேண்டாம் என்று மூன்று டேங்க் பார்த்தேன். மூன்று முறையும் 6 சதவீதத்தை ஒட்டிக் கூட்டித்தான் காட்டியது. இந்த வித்தியாசம் ஒரே சீராக இருப்பது ஒருவகையில் நல்லது, கழித்துக்கொள்ளலாம். செயின் வறண்டாலோ டயரில் காற்று குறைந்தாலோ திரை எண் இறங்கும். அந்த மாற்றத்தைக் காட்டுவதில் திரை நல்ல துணை. நான் குறை சொல்வது ரேஞ்சை, அதாவது இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும் எண்ணை மட்டும்தான்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ரிசர்வ் திருகு இருந்தது. வண்டி இழுக்காமல் திணறும், இடது கையைக் கீழே விட்டுத் திருகைத் திருப்புவோம். இனி இருப்பது இவ்வளவுதான் என்று கைக்கே தெரியும். அதில் கணிப்பு எதுவும் இல்லை. இன்று அந்த இடத்தில் ஒரு விளக்கும் ஓர் எண்ணும் இருக்கின்றன. விளக்கு சொல்வது அளவு, எண் சொல்வது ஊகம். ஆனால் எண் பெரிதாக, கிலோமீட்டர் கணக்குத் துல்லியத்தோடு இருப்பதால் கண் அதைத்தான் நம்புகிறது. 78 என்பதற்குப் பதில் '45 முதல் 80 வரை' என்று காட்டியிருந்தால் நான் கட்டாயம் திரும்பிப் போயிருப்பேன். கடைசி எத்தனை கிலோமீட்டரை வைத்து இந்தக் கணக்கு என்பதையாவது கையேட்டில் தெளிவாக அச்சிட வேண்டும். என் வண்டிக் கையேட்டில் அந்த ஒரு வரி இல்லை. வண்டி செய்கிறவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை, செய்யலாம்.

இன்னொன்று. இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. அதைச் சூடாகாமல் காப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். கடைசிச் சொட்டு வரை ஓட்டுவது பம்புக்கும் கேடு.

அப்புறம், விளக்கு எரிந்தால் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துவிட்டேன். விளக்கு எரிந்ததுமே பங்குக்குப் போய் நிரப்பினேன். டேங்க் கொள்ளளவு 13 லிட்டர், பிடித்தது 11.4. ஆக மிச்சம் 1.6. மோசமான நாளில் லிட்டருக்கு 30 என்றால் 48 கிலோமீட்டர். பம்புக்காகவும், மறுபக்கம் தேங்குவதற்காகவும் கொஞ்சம் விட்டுவிட்டு 35 என்று வைத்துக்கொண்டேன். விளக்கு எரிந்ததும் இரண்டாவது ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கிவிடுகிறேன்.

மனைவி ஒரு துண்டு வெள்ளை டேப்பில் '35' என்று எழுதி, திரையில் ரேஞ்ச் வரும் இடத்தின் மேலேயே ஒட்டிவிட்டார். நான் அதை எடுக்கவில்லை.