ஐஎஸ்ஓ இருந்தா டெஸ்ட் வேண்டாமா?

அண்ணாச்சி, "ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வாங்கின கம்பெனியோட ஆசிட் ஆயிலைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், டெஸ்ட்டே வேண்டாம்"னு மேலே எழுதியிருக்கீங்க. அது தப்பு. திருநெல்வேலி பேட்டை, கங்கைகொண்டான் பக்கம் ஆசிட் ஆயிலை வாங்கிச் சோப்பு போடுத சின்ன ஆளுங்க இதை நம்பினா நஷ்டம் அவங்களுக்குத்தான்.

9001 பார்க்கிறது கம்பெனியோட நிர்வாக முறையை. பேரல்ல இருக்கிற எண்ணெயை இல்லை. சான்றிதழை ஐஎஸ்ஓ கொடுக்கிறதும் கிடையாது, தனி நிறுவனங்கள் ஆடிட் பண்ணிக் கொடுக்குது. வழக்கமா 3 வருஷம்தான் செல்லும். எந்த வேலைக்குக் கொடுத்ததுன்னு அதுலயே ஒரு வரி இருக்கும், அதை முதல்ல படிங்க. டிரேடிங்னு மட்டும் போட்டிருந்தா தயாரிப்புக்கு அது பொருந்தாது.

சமையல் எண்ணெய் ரிஃபைனரியில காஸ்டிக் சோடா போட்டுப் பிரிச்ச சோப்ஸ்டாக்கை, அதாவது சோப்புக் கசடை, கந்தக அமிலத்தால உடைச்சுத்தான் ஆசிட் ஆயில் எடுக்காங்க. சரியாக் கழுவலேன்னா அமிலம் அதுலயே தங்கிரும். கொஞ்சம் எண்ணெயை வெந்நீர்ல குலுக்கி வச்சு, அடியில பிரியிற தண்ணியில மெத்தில் ஆரஞ்சு (அமிலத்தைக் காட்டுத சாயம்) ஒரு சொட்டு விடுங்க. சிவந்தா அமிலம் மிச்சம் இருக்கு, அந்த லோடைத் திருப்பி அனுப்புங்க. சாம்பிளைப் பேரல் அடியில இருந்தும் எடுக்கணும், தண்ணி அங்கதான் நிக்கும். மொத்தக் கொழுப்பும் ஈரப்பதமும் போட்ட லேப் ரிப்போர்ட்டை ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனியா கேட்டு வாங்குங்க.