ஆவிச் சத்தமும் பதினைந்து நாள் கணக்கும்

கூடங்குளத்தில் அடுத்த அணு உலை எப்போது ஓடும், இத்தனை வருடமாக என்னதான் செய்கிறார்கள் என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடுதல்தான். திருநெல்வேலியிலிருந்து கேரளாவுக்குப் போகிற 400 கேவி (கிலோவோல்ட்) மின்சார லைன் எங்கள் மலையைத் தாண்டித்தான் இடமனுக்கு இறங்குகிறது. புளியரை டீக்கடையில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் இதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

தாமதமாவதில் எனக்கு வருத்தமே இல்லை. என்ன சோதனை நடக்கிறது, ஏன் நின்றது என்று சுற்றியிருக்கிற ஊர்களுக்குத் தமிழில் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, அதில்தான் கோபம்.

கட்டி முடிப்பது ஒரு வேலை, ஓட வைப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்குத்தான் கமிஷனிங் என்று பெயர். நான் வளைகுடாவில் ஓர் அனல் மின் நிலையத்தில் (பெயர் வேண்டாம்) கமிஷனிங் டீமில் இருந்தவன். கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகிற பைப்புக்குள் வெல்டிங் துகள், துரு, மணல் எல்லாம் கிடக்கும், அதை ஆவியை விட்டு ஊதித் தள்ளுவோம். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஆவி போகிற வழியில் பளபளவென்று பாலிஷ் போட்ட உலோகப் பட்டை ஒன்றைப் பொருத்துவோம், டார்கெட் பிளேட் என்போம். ஊதி முடித்து அதைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். சரி, இன்னொரு தடவை ஊது. குழிகள் வரம்புக்குள் வருகிற வரைக்கும் டர்பைன்காரன் கையெழுத்துப் போட மாட்டான். மேனேஜர் காலண்டரைக் காட்டிக் கத்துவார், அவன் பிளேட்டைக் காட்டுவான்.

அந்த ஆவிச் சத்தம் காதை அடைத்துவிடும், வெகுதூரம் கேட்கும். அதனால் முந்தின வாரமே பக்கத்து லேபர் கேம்புகளில் இன்ன நாள், இன்ன நேரம் சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அரபியில், இந்தியில், மலையாளத்தில், தமிழில். அரபு நாட்டில் எனக்குத் தமிழில் சொன்னார்கள் என்பதை இங்கே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இப்போது 2011 கதைக்கு வருவோம். ஜூலையில் கூடங்குளம் முதல் உலையில் ஹாட் ரன், அதாவது எரிபொருள் போடாமலே உலையைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கிற சோதனை. உலைக்குள் யுரேனியம் ஒரு பொட்டு கிடையாது, எரிபொருள் இருக்க வேண்டிய 163 இடங்களிலும் போலிக் கட்டுகள்தான். நான்கு பெரிய பம்புகள் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அடிக்கிற சூட்டிலேயே அது 280 டிகிரி பக்கம் போய்விடும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தம் இருப்பதால் கொதிக்காமல் நிற்கும். ஓர் அணுகூடப் பிளக்காமல்! அந்தச் சூட்டில் பிறக்கிற ஆவியை வெளியே விட்டால் சத்தம் வரத்தானே செய்யும். ஆனால் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து நான்கு மாதம்தான் ஆகிறது. டிவியில் அதைப் பார்த்த பக்கத்து ஊர் இடிந்தகரை மீனவக் குடும்பத்துக்கு, மேலே போகிற புகை வெறும் தண்ணீர் ஆவி என்று யார் சொன்னார்கள்? அந்த நேரம் பார்த்து அவசரகால ஒத்திகை அறிவிப்பு வேறு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஓடச் சொல்லி. போராட்டக்காரர்கள் பிறகு எழுதிய காரணங்களில் இந்தச் சத்தமும் இந்த அறிவிப்பும் இருக்கின்றன. செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்னால் உண்ணாவிரதம் ஆரம்பித்தது, வேலை மாதக்கணக்கில் முடங்கியது, ஆயிரக்கணக்கான ஜனங்கள் மேல் வழக்கு பாய்ந்தது.

சத்தத்தால் மட்டும் போராட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்தே எதிர்ப்பு உண்டு, கடல், மீன், கழிவு என்று அவர்கள் கேட்டதில் பாதிக்கு எனக்கே இன்னும் பதில் திருப்தியாக இல்லை. ஆனால் ஹாட் ரன்னுக்கு முன்னால் ஒரு தாள் நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்தப் பீதியாவது இல்லாமல் போயிருக்கும்.

நடுவில் அப்போதைய மத்திய இணை அமைச்சர் நாராயணசாமி, மைக் கிடைத்த இடத்திலெல்லாம் இன்னும் பதினைந்து நாளில் மின்சாரம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே சிரித்தது. எங்கள் பக்கம் கடனைத் திருப்பிக் கேட்டால்கூட நாராயணசாமி கணக்கில் தருகிறேன் என்பார்கள். ஆனால் அமைச்சர் வெளியே தேதி சொல்லிவிட்டால், உள்ளே ஷிப்டில் நிற்கிற இன்ஜினியருக்கு ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல வாய் வருமா? கமிஷனிங் பார்க்கிறவனுக்கு அந்த ஒரு சொல்தான் ஆயுதம்.

நல்லவேளை, நிறுத்தவும் செய்தார்கள். 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகளில் குறை இருப்பது வெளியே வந்தது, சரிசெய்ய வேண்டியிருந்தது. மே 6இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, கூடவே 15 உத்தரவுகள் (அந்தப் பதினைந்து இங்கேயும் விடவில்லை). ஜூலை 13இல் உலைக்குள் அணுக்கள் பிளக்கிற தொடர்வினை ஆரம்பித்தது. அது சுவிட்சைத் தட்டுகிற வேலை கிடையாது. தண்டும் போரிக் அமிலமும் நியூட்ரானை விழுங்கித் தொடர்வினையை அடக்கி வைப்பவை. கட்டுப்பாட்டுத் தண்டுகளைத் தூக்கிவிட்டு, போரிக் அமிலம் கலந்த தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நியூட்ரான் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அக்டோபர் 22இல் கிரிட்டில், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிற மின் தொகுப்பில், இணைத்தார்கள். முழு 1000 மெகாவாட் 2014 ஜூன் 7இல்தான், வணிக உற்பத்தி அந்த டிசம்பர் 31இல். நடுவில் ஒவ்வொரு படியிலும் நின்று சோதனை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அப்புறம்தான் அடுத்த படி. ஓடுகிற டர்பைனை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பார்கள், பம்பை நிறுத்திப் பார்ப்பார்கள். வெளியே இருப்பவனுக்கு அது ‘மறுபடியும் நின்றுபோச்சு’ என்ற செய்தி. எது சோதனை, எது கோளாறு என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. 2014 மே மாதம் டர்பைன் பக்கம் சுடுதண்ணீர் பட்டு ஆறு பேர் காயப்பட்டார்கள். கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதுவரை வாயே திறக்காதவர்கள் அன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்?

மலைக்கு அந்தப்பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று. முதல் இரண்டு உலைகளில் கேரளாவின் பங்கு 266 மெகாவாட். உலை 2013இல் கிரிட்டுக்கு வந்துவிட்டது, இடமனிலிருந்து கொச்சிக்குப் போகிற 148 கிலோமீட்டர் லைன் முடிந்ததோ 2019இல். ரப்பர் தோட்டத்துக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு மறித்தார்கள், நியாயம்தான். அங்கேயும் முதலிலேயே உட்கார்ந்து பேச யாரும் மெனக்கெடவில்லை.

கூடங்குளத்தின் 3, 4ஆவது உலைகளுக்காவது ஒழுங்காகச் செய்யட்டும். ஹாட் ரன்னுக்கு முந்தின வாரம் பங்குத்தந்தை கோவில் மைக்கில் வாசிக்கிற மாதிரி, புரிகிற தமிழில் ஒரு தாள். எந்த நாள், எத்தனை மணிக்குச் சத்தம், உள்ளே யுரேனியம் இருக்கிறதா இல்லையா. உலை நின்றால் அன்று சாயங்காலமே ஏன் நின்றது என்று நாலு வரி. கடலோர ஊர்களிலிருந்து பத்துப் பேரை உள்ளே கூட்டிப்போய் அந்தப் போலிக் கட்டுகளைக் கண்ணால் காட்டட்டும், எதிர்க்கிறவர்களையும் சேர்த்துத்தான். இதற்கு ரஷ்யாவிலிருந்து கப்பலில் எதுவும் வர வேண்டியதில்லை.

சைட்டில் வேலை பார்க்கிற அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால் மேலே உள்ளவர்களுக்கு அனுப்பிவையுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.