மலைநாட்டு வெயில் வெயில் இல்லையா?

போன வாரம் எல்லோர் பக்கத்திலும் ஓடிய அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது வெயிலில் மயங்கி விழுந்த அந்த அக்காவைப் படங்குத் துணியில் கிடத்தி நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். நான் எழுதுவது அந்த வீடியோவுக்குக் கீழே கிடந்த கொமன்டுகளுக்காக.

"நுவரெலியாப் பக்கம் வெயில்ல மயங்கினாங்களாம், அப்ப கொழும்பில நாங்க எல்லாம் செத்திருக்கணுமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில், அது நுவரெலியாவே இல்லை, பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கம். அதுகூடத் தெரியாமல் எழுதிய அந்தக் கொமன்டுக்கு முந்நூறுக்கு மேல் சிரிப்பு. யார் யார் சிரித்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தேன். என் நட்பு வட்டத்தில் பதினொரு பேர். இரண்டு பேர் என்னோடு ஆசிரியர் கலாசாலையில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

சிரித்தவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் குளிர் ஊர் என்று நீங்கள் முடிவு செய்து வைத்திருக்கிறீர்கள். அந்த முடிவினால் எங்கள் ஆட்கள் மேல் விழுகிற வெயிலை யாரும் நம்புவதில்லை. கம்பனி நம்புவதில்லை, சட்டம் நம்புவதில்லை, இப்போது நீங்களும் நம்பவில்லை.

நான் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே சொல்கிறேன். வானிலைச் செய்தியில் 29 பாகை என்று வருகிறதே, அது வெள்ளையடித்த பெட்டிக்குள், காற்றோட்டமான நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. கொழுந்து பறிக்கிறவர் அந்தப் பெட்டிக்குள் நிற்கவில்லை. வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிற வெப்பச் சுட்டெண்ணும் நிழலுக்கான கணக்குத்தான். நேர் வெயிலில் நின்றால் உடம்பு உணர்வது அதைவிட 8 பாகை வரை கூடலாம். அதோடு மேலே ஏற ஏற வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும், 1000 மீற்றருக்குப் பத்து வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. குளிரை அனுபவிக்கப் போகிறோம் என்று நீங்கள் நுவரெலியா சீசனுக்கு வருகிற அதே நாட்கள். நீங்கள் தொப்பி போட்டு லேக்கைச் சுற்றும்போது அவர் தலைக்கயிற்றில் கூடையை மாட்டிக்கொண்டு செங்குத்து மலையில் ஏறிக்கொண்டிருப்பார்.

ஏறுவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தசை செலவழிக்கிற சக்தியில் கால் பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி அத்தனையும் சூடு. அந்தச் சூடு வியர்வையாக வெளியே போக வேண்டும், போன வியர்வை காற்றில் காய வேண்டும். இடுப்பைச் சுற்றிப் படங்கு, சேலைக்கு மேல் பழைய சேர்ட், தலையில் துணி. அட்டைக்கும் குச்சிக்கும் பயந்து இதில் எதையும் கழற்ற முடியாது. காற்றுப் படாத மலை மடிப்பு என்றால் வியர்வை காயவும் காயாது. வெளியே 29 பாகைதான், ஆனால் உள்ளே உடம்பு 39ஐ நோக்கிப் போகும். 40ஐத் தாண்டினால் மூளை தடுமாறும், ஆள் விழுவார். அந்த அக்கா விழுந்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு.

விழுந்தவருக்கு அன்றைக்கு அரைப்பேர் போட்டார்கள். இது வீடியோவில் இல்லை. நான் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டது. காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டரை வரை நின்று பறித்து, நிறுவைக்கு வர முடியாமல் விழுந்ததற்கு அரை நாள் சம்பளம்.

அவர் என் அம்மாவோடு ஒரே மலையில் நின்றவர். என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தார். காலையில் ரொட்டியோடு ஒரு போத்தல் சாயத்தண்ணியும் கட்டிக்கொண்டு போவார். பழைய சோடாப் போத்தல், மூடி தொலைந்துபோய் வாழை மட்டையைச் சுருட்டி அடைத்திருக்கும். பின்னேரம் நான் கூடையை இறக்கிப் பார்ப்பேன். போத்தலில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். மேலே ஆடை மாதிரி ஒன்று படிந்திருக்கும். சின்னவயதில் எனக்கு அது பெரிய கோபம். இவ்வளவு வெயிலில் ஏன் குடிக்கவில்லை என்று சண்டை போடுவேன். ஒருநாள் அடுப்படியில் குந்திக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "குடிச்சா அப்புறம் எங்க போறது?"

மலையில் கக்கூஸ் கிடையாது. பக்கத்து நிரையில் ஆம்பிளை கங்காணி நிற்பார். குடியிருக்கிற லயத்துக்கு இறங்கி ஏறி வந்தால் முக்கால் மணித்தியாலம் போய்விடும், கிலோ குறையும், முழுநாள் பேர் போகும். அதனால் எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வருடக்கணக்காகக் குடிப்பதில்லை. அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை நீர்க்கடுப்பு வரும், டிஸ்பென்சரியில் பனடோல் கொடுப்பார்கள். இப்போது இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். பிரஷரும் இருப்பதால் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். சரி, நானும் சொல்லவில்லை. ஆனால் நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுகிற இளம் ஆட்களின் சிறுநீரகம் கெட்டுப்போவதற்கும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் உழைப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"உங்க பாட்டி, பூட்டி எல்லாம் இதே மலையில வேலை செய்யலையா?" செய்தார்கள். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து 200 வருடக் கணக்கு எங்களிடம் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் வெயிலில் விழுந்தார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்? அதோடு அன்றைய வெயில் இன்றைய வெயில் இல்லை. உலகத்தில் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகச் சூடான ஆண்டு 2024. கைத்தொழில் யுகத்துக்கு முன்பிருந்ததைவிட 1.5 பாகைக்கு மேல். அன்றைய மலையும் இன்றைய மலை இல்லை. நான் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன காலத்தில் ஒவ்வொரு நிரைக்கும் வாகை மர நிழல் இருந்தது, முள்முருங்கை இருந்தது. இன்றைக்கு அந்த மலை மொட்டை. மரம் எல்லாம் லொறியில் போய்விட்டது. தேயிலைக்கே நிழல் வேண்டும் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நிழலில்தான் எங்கள் ஆட்களும் நின்றார்கள்.

"எங்களுக்கு இதைவிட வெயில், நாங்க தாங்கலையா?" உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், உப்பைக் குறைவாக இழக்கும். இரவு 16 பாகையில் போர்த்திப் படுத்துவிட்டு மறுநாள் மத்தியானம் நேர் வெயிலில் மலையேறுகிற உடம்புக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. 2003இல் ஐரோப்பாவில் வெயிலால் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவை எல்லாம் நம் நாட்டைவிடக் குளிரான நாடுகள்தான். குளிர் ஊர்க்காரர் என்பதுதான் எங்களுக்கு இருக்கிற ஆபத்து. அதைச் சொல்லியே எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

"காலையில சாப்பிடாம வந்திருப்பா." இதை எழுதியவர் ஒரு பெண். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. அந்த அக்கா அதிகாலை நாலு மணிக்கு எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, சின்னதைத் தோட்டத்துப் பிள்ளை பராமரிக்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு ஓடுகிறவர். அரை ரொட்டி தின்றிருக்கலாம். தின்னாமலும் இருந்திருக்கலாம். அப்படியே தின்னவில்லை என்றாலும் குற்றம் அவருடையதா? நாள் சம்பளம் 1000 ரூபாயாவதற்கே 2021 வரை ரோட்டில் நின்ற சனம் நாங்கள்.

"கம்பனி நட்டத்தில ஓடுது, இதில ஓய்வு வேற கேட்டா எப்படி?" இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் அம்மாவின் சிறுநீரகத்தை வைத்து யாருடைய நட்டத்தையும் நிரப்ப முடியாது.

கட்டாரில் என் தம்பி கட்டட வேலை செய்கிறான். அங்கே யூன் 1ஆம் திகதியிலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மூன்றரை வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது. அரபு நாடு சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நம் ஆட்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். இருந்தாலும் அங்கே சட்டத்தில் ஒரு வரியாவது இருக்கிறது. கேரளாவிலும் கோடையில் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளிவேலைக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தேன். 3000 அடிக்கு மேலே உள்ள, வெயில் தாக்காது என்று கருதப்படும் இடங்களுக்கு விலக்கு என்று இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டத்துச் சனமும் நம் சனம்தான். மலை என்றால் வெயில் இல்லை என்ற அந்த நினைப்பு அங்கேயும் உத்தரவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நம்முடைய வெப்ப எச்சரிக்கையில் வடமேல், மேல், தென், கிழக்கு என்று மாகாணப் பெயர்கள் வரும், மொனராகலை வரும். அந்த மொனராகலை எங்கள் லயத்து வாசலில் நின்றால் தெரியும். எங்கள் பெயரை அந்தப் பட்டியலில் நான் பார்த்ததே இல்லை.

நான் மறக்க முடியாத ஒன்று ஃபெக்டரியில் இருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோது பார்த்தேன். கொழுந்து வாட்டுகிற மாடியில் சுவரில் ஈரமானி மாட்டியிருந்தது. உலர்குமிழ் வெப்பமானி ஒன்று, ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்று, அடியில் சின்னத் தண்ணீர்க் கிண்ணம், அதற்குள் வெள்ளைத் திரி. ஒருவர் வந்து இரண்டையும் பார்த்து கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். காற்றில் ஈரம் எவ்வளவு, எவ்வளவு சூடு தாங்கும் என்று கொழுந்துக்காகப் பார்க்கிறார்கள். கொழுந்தை அமுக்கித் திணித்தால் சூடேறிச் சிவந்துவிடும் என்று மலையிலேயே கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். பறித்த கொழுந்தை நிழலில் மடுவத்துக் கொட்டகையில்தான் வைக்க வேண்டும். மனுசர் வெயிலை எவ்வளவு தாங்குவார் என்று அளப்பதற்கும் அதே ஈரக்குமிழைத்தான் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். அதே கருவி. ஒரு மைல் தள்ளி மலையில் அது இல்லை. பிள்ளைகள் என்னிடம் விளக்கம் கேட்டபோது ஆவியாதல் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நம் ஆட்களிலேயே சிலர் இன்பொக்ஸில் எழுதினீர்கள். "டித்வாவில மண்ணுக்குள்ள போனோம், இன்னும் கூடாரத்தில இருக்கிற சனம் இருக்கு, இப்ப வெயிலைப் பற்றிப் பேசுறதா டீச்சர்?" இது எனக்குச் சுட்டது, ஏனென்றால் பாதி உண்மை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர் போனது, பதுளை மாவட்டம் எவ்வளவு கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவையும் பார்த்தோம். அந்த மழையும் இந்த வெயிலும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. சூடான கடலும் சூடான காற்றும்தான் கூடுதலான தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டுகின்றன. மழைக்கு மண் சரிகிற அதே சரிவில்தான் வெயிலுக்கு ஆள் சரிகிறார். மண்சரிவுக்கு அமைச்சர் வந்தார், கமரா வந்தது. ஒவ்வொருவராக விழுந்தால் யாரும் வரமாட்டார்கள். சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மத்தியானம் படுத்துக் கிடக்கிற கிழவிகளைப் பற்றி நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. பங்குனி, சித்திரையில் பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை மலையிலிருந்து இறங்க விடுங்கள், அதற்காகக் கிலோவைக் கூட்டாதீர்கள், பேரை வெட்டாதீர்கள். ஒவ்வொரு மலைக்கும் கதவு பூட்டுகிற ஒரு கக்கூஸ். குடிக்கிற தண்ணீர். வெட்டிய இடத்தில் நிழல் மரம். இதில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை.

அந்த அக்கா மூன்று நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நேற்றுப் பார்க்கப் போனேன். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, "டீச்சர், அந்த அரைப்பேரை முழுப்பேராக்கச் சொல்லி நீங்க எழுதிக் கொடுக்க ஏலுமா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்தாம் திகதி சம்பளம். சிரித்த அந்தப் பதினொரு பேரும் அன்றைக்கு என் பக்கத்துக்கு வாருங்கள், அவருக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று எழுதுகிறேன்.