நூறு வருஷத்து வைத்தியத்தைப் புதுசு என்று சொல்லாதீர்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸை மருந்தாகக் கொடுப்பது அமெரிக்காவின் புத்தம் புதிய கண்டுபிடிப்பாம். "இது புதுசு இல்லைங்க" என்று மரியாதையாகத்தான் கீழே எழுதினேன். "எல்லாம் தெரிஞ்ச கோஷ்டி வந்தாச்சு" என்று பதில் வந்தது. அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்திருப்பீர்கள்.

சரி, கோஷ்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இது புதுசு இல்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஃபெலிக்ஸ் தெரெல் 1917லேயே இதைப் பற்றி எழுதி, அந்த வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், என்று பெயரும் வைத்துவிட்டார். 1919இல் சீதபேதியில் கிடந்த ஒரு சிறுவனுக்கு அதைக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவரும் கூட இருந்தவர்களும் குடித்துப் பார்த்தார்கள். ஃப்ளெமிங் பெனிசிலினைக் கவனித்ததே 1928இல்தான்.

எனக்கு வலிப்பது எலியாவாவின் பெயர் அந்தக் காணொளியில் எங்குமே இல்லாததுதான். அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் 1923இல் ஆய்வு நிறுவனம் தொடங்கியவர் கியோர்கி எலியாவா. தெரெலே அங்கே போய் வேலை பார்த்தார். 1937இல் எலியாவாவை மக்கள் விரோதி என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் அந்த நிறுவனத்தின் வேலை நின்றுபோகவில்லை. ஆன்டிபயாடிக் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜைக் கைவிட்டபோது, அங்கே தொடர்ந்து தயாரித்தார்கள், நோயாளிக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் வெளிநாட்டு நோயாளிகள் அங்கே தேடிப் போகிறார்கள். காணொளி போட்டவர்களே, இத்தனை பேரின் உழைப்பையும் துடைத்துவிட்டுத்தான் "புத்தம் புதிய" என்கிறீர்கள்.

"உங்களுக்கு சோவியத் பாசம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எலியாவாவைச் சுட்டதே அந்த ஆட்சிதான் ஐயா.

"முறையான ஆய்வு எங்கே?" என்பது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஃபேஜ் ஒரு வகை பாக்டீரியாவைத்தான் தாக்கும். நோயாளியின் உடம்பில் இருப்பது அந்த வகைதானா என்று பார்க்காமலே அந்தக் காலத்தில் பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடையில் விற்ற பாட்டில்கள் பலவற்றில் உயிருள்ள ஃபேஜே இல்லை. 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த அறிக்கை, ஆதாரம் போதாது என்றது. இருக்கட்டும். ஆதாரம் போதாது என்பது வேறு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது வேறு.

கங்கை நீர் பற்றிக் கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீரில் காலரா கிருமி சாகிறது என்று ஹான்கின் என்ற பிரிட்டிஷ் கிருமி ஆய்வாளர் 1896இல் எழுதியது உண்மை. அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். அதற்காக இன்றைக்கு அதை அள்ளிக் குடிக்கலாம் என்று ஆகிவிடாது.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன்? என் அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் சின்னதாக வந்த புண் ஆறவே இல்லை. புண்ணில் இருக்கும் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் நேரே ஆர், ஆர், ஆர். ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது. கடைசி இரண்டு ஊசிக்கு நேரே மட்டும்தான் எஸ், அதாவது கேட்கும். "ஃபேஜ் ஏதாவது..." என்று நான் ஆரம்பித்ததுமே டாக்டர் சிரித்தார். "இன்டர்நெட்ல படிச்சீங்களா?" அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை எடுத்த பிறகுதான் புண் ஆறியது. ஃபேஜ் கிடைத்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. கேட்டதற்குச் சிரித்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நேற்று அந்தச் சிரிப்புக் குறிகளைப் பார்த்தபோதும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

2016இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்பவரை ஃபேஜ் கொடுத்துப் பிழைக்க வைத்ததை நான் குறைத்துப் பேசவில்லை. எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு கோமாவில் கிடந்தவர் அவர். அவருடைய மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ பழைய ஆய்வுகளைத் தோண்டிப் படித்துத்தான் இந்த வழிக்கே வந்தார். தெரெலையும் எலியாவாவையும் அவர் மறைக்கவில்லை. நீங்கள்தான் மறைக்கிறீர்கள்.

தலைப்பை மாற்றுங்கள், எலியாவாவின் பெயரைச் சேருங்கள். என் கமென்ட்டை நீக்கியிருக்கிறீர்கள். இன்று காலை மறுபடி போட்டிருக்கிறேன், இதையும் நீக்கினால் இன்னொரு தடவை போடுவேன்.