பழவேற்காட்டுக்குப் போனால் ஊரையும் பாருங்கள்

வடசென்னையில், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் லீவு விட்டால் போதும், தீவு பார்க்க அந்தமானுக்கு டிக்கெட் விலை தேட ஆரம்பித்துவிடுகிறோம். எண்ணூரைத் தாண்டினால் நம் வாசலிலேயே ஒரு தீவு கிடக்கிறது. காட்டுப்பள்ளி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கிலும் வடக்கிலும் முகத்துவாரம். தெற்குப் பக்கம் துறைமுகம் வந்துவிட்டதால் காட்டுப்பள்ளி என்றாலே கன்டெய்னர் லாரிதான் ஞாபகம் வருகிறது, ஆனால் வடக்கு முனை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. பழவேற்காடு ஊரிலிருந்து பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள்: பனை, சவுக்கு, மணல்மேடு, மீனவக் குப்பங்கள், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல்.

போவது கஷ்டமே இல்லை, கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். நாம் போகிற விதம்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிரியாணிப் பொட்டலம், பாட்டில், ஒரு குளியல், நாலு செல்ஃபி, கிளம்பிவிடுகிறோம். ஊருக்குள் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மெட்ராஸில் இங்கிலீஷ்காரன் கால் வைத்த 1639க்கு கால் நூற்றாண்டு முன்பே இது துறைமுகப் பட்டினம், 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்துக்குத் தலைமையிடம். துணி மட்டுமா போனது, நம் மனிதர்களையே அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்த இடத்தில் நின்று இதைச் சொல்லுங்கள்.

கோட்டையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது பாடு முறை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக வருகிற ஏற்பாடு. முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் கடல் தண்ணீரும் இறால் குஞ்சும் உள்ளே வராது, பாடு இருந்தும் வலையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வடக்கே நீட்டுகிற திட்டத்தை அந்த ஜனங்கள் இவ்வளவு வருடமாக எதிர்க்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். தெற்குப் பக்கம் போனது போதும்.

அதற்காக அங்கே ரிசார்ட் வரட்டும் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அதுவும் வேண்டாம். படகு விஷயம் மட்டும் ஒழுங்காக வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள், தடையை மீறி ஓடுவதாகச் செய்தியும் வந்துகொண்டே இருக்கிறது. இப்படிக் கண்டும் காணாமலும் விடுவதற்கு, மீனவக் கிராமங்களிடமே உரிமம் கொடுத்து, ஆளுக்கு லைஃப் ஜாக்கெட், படகுக்கு இத்தனை பேர் என்று கறாராக வைத்து நடத்தச் சொல்லலாமே? காசும் அந்த வீடுகளுக்கே போகும். அது வரும்வரை யார் கூப்பிட்டாலும் குழந்தைகளோடு படகில் ஏறாதீர்கள்.

குளிர்காலத்தில் போனால் பூநாரை பார்க்கலாம், கரையிலிருந்தே, சத்தம் போடாமல். அங்கே பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி முடைகிறார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே மீன் குழம்பு சாப்பிடுங்கள், பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.