கார் பூட்டில் தேங்காய் எண்ணெய் ஊற்றும் புண்ணியவான்களே

யார் வீட்டுக் கார் பூட்டு மாட்டிக்கொண்டாலும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடி வருகிறீர்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் பேச வேண்டும்.

எனக்குச் சென்னைக் கடலோரம், காசிமேடு பக்கம். கார் தெருவில்தான் நிற்கும், ஷெட்டுக்கெல்லாம் வழியில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. மார்கழி விடியற்காலை. எழும்பூரில் அத்தை பையும் மூட்டையுமாக வந்து இறங்கியாகிவிட்டது. ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறேன், சத்தமே இல்லை. எப்படி வரும்? ரிமோட் சொல்வதைக் கேட்கவும் காருக்குள் கரன்ட் வேண்டுமே. சரி, பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பலாம் என்றால் பானட்டைத் திறக்க வேண்டும். பானட் லிவர் எங்கே இருக்கிறது? காருக்கு உள்ளே. டிக்கி லிவர்? அதுவும் உள்ளே. இடது பக்கக் கதவில் சாவித் துளையே வைக்கவில்லை, மிச்சம் பிடித்துவிட்டார்கள். ஆக அவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரே வழி, டிரைவர் கதவில் இருக்கிற அந்தப் பொட்டுத் துளை. அதுதான் அசைய மாட்டேன் என்கிறது.

போனில் தேடினால் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் வரிசை கட்டி வருகிறார்கள். சாவியை லைட்டரில் காட்டிச் சூடாக்கு, ஆல்கஹால் ஸ்ப்ரே அடி, வெந்நீர் மட்டும் ஊற்றாதே, அதுவே திரும்ப உறைந்துவிடும். அவர்களுக்கு அது சரி. அங்கே துளைக்குள் இருப்பது ஐஸ், சூடு பட்டால் தண்ணீராகி ஓடிவிடும். இங்கே இருப்பது உப்பு. அதை லைட்டரில் காட்டினால் சாவித் தலைக்குள் இருக்கும் சிப் உருகிப்போவதுதான் மிச்சம். அப்புறம் கதவு திறந்தாலும் வண்டி கிளம்பாது.

கடல் காற்றில் வருகிற உப்பு சும்மா ஒட்டிக்கொண்டு இருக்காது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே தண்ணீராகிவிடும். மார்கழி விடியலில் அதைத் தாண்டாத நாள் ஏது? அந்த உப்புத் தண்ணீரில் பூட்டுக்குள் இருக்கும் துத்தநாகக் கலவை உருளை, பித்தளைத் தகடு, முடி மாதிரி இரும்பு ஸ்பிரிங் எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடந்தால் ஒன்றை ஒன்று தின்னும். சாவியை உருவிப் பார்த்தால் நுனியில் வெள்ளைப் பொடி. ரிமோட் வந்த பிறகு அந்தத் துளையில் யாரும் சாவியே விடுவதில்லை, அதனால் உள்ளே நடப்பது வெளியே தெரிவதும் இல்லை. போதாக்குறைக்கு தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011இல் நீதிமன்றம் நிறுத்திவிட்டது, அது எண்ணூருக்குப் போய்விட்டது. கன்டெய்னர் லாரிகள் எங்கே போயின? இங்கேயேதான் ஓடுகின்றன.

இப்போது உங்களிடம் வருகிறேன். நான் சாவியோடு மல்லுக்கட்டும்போது பால் வாங்க வந்த பெரியவர் நின்று, "இன்னா தம்பி, தொறக்கலியா? நாந்தான் அன்னிக்கே தேங்காண்ண வுட்டனே!" என்றார். பெருமையாக வேறு. நான் ஊரில் இல்லாத நேரத்தில், ஏற்கெனவே வேறு யாருக்கோ செய்த உபகாரத்தை எனக்கும் செய்திருக்கிறார். துளை வாயில் இருக்கும் சின்ன மூடியை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். வெள்ளையாக நெய் மாதிரி கட்டி, அதில் கறுப்புக் கறுப்பாகத் தூசி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் ஐயா! குளிர்காலத்தில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறோம்? மார்கழியில் சென்னை 21 டிகிரி வரை இறங்கும். பனியே பார்க்காத ஊரில் என் கார் பூட்டை உறைய வைத்தாயிற்று.

வெயில் ஏறியதும் எண்ணெய் உருகியது, பூட்டு திறக்கவில்லை. அத்தை ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார், என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. கடைசியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் குடை விரித்து உட்காரும் சாவிக்கார அண்ணன் வந்தார். பார்த்ததும் கேட்டது, "எண்ண ஊத்துனது யாரு?" ஊசிக் குழாயில் மண்ணெண்ணெய் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சினார். கறுப்பாக வழிந்தது. துடைத்தார், மறுபடி பீய்ச்சினார், சாவியைத் திருப்பாமல் உள்ளே வெளியே மட்டும் ஆட்டினார். தெளிவாக வரும் வரை விடவில்லை. காய்ந்த பிறகு பென்சில் கரியைச் சீவி சாவியில் தடவிச் செருகினார். "இதான் ஈரம் புடிக்காது, தூசி ஒட்டாது." திரும்பியது.

சர்வீஸ் சென்டரில் சொன்னால், "சாவி போட்டு யார் சார் தொறக்குறாங்க?" என்று சிரிக்கிறான் ஒருவன். இந்தப் பூட்டை மட்டும் மாற்ற முடியாதாம், இக்னிஷனோடு சேர்த்து முழு செட் வாங்க வேண்டுமாம். கடலோரத்தில் விற்கிற வண்டிக்கு அந்தத் துளையில் ஒரு ரப்பர் மூடி வைத்தால் குடியா முழுகிவிடும்? இப்போது நானே சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பெரியவர் அதையும் நேற்று தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.